இரண்டு மாரிக்கான நிலம்

திங்கட்கிழமை பாடசாலை மீண்டும் திறக்கும் என்று மாவட்டச் செயலகமான கச்சேரி அறிவித்திருந்தது. அதற்கு முன் வகுப்பறைகளில் படுத்திருப்பவர்கள் எங்காவது போய்விட வேண்டும் என்பது அறிவிக்கப்படாமலே விளங்கியது.

எழுபத்தேழாம் ஆண்டு ஆவணிக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அவர்கள். லொறியிலும் ரயிலிலும் திருகோணமலைக்கு வந்து, உள்துறைமுகத்தைப் பார்த்து நின்ற அந்தப் பாடசாலையில் இறக்கிவிடப்பட்டிருந்தார்கள். அங்கிருந்து வெளியேற இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, சனிக்கிழமை மாலை ரயிலில் தத்தம் தோட்டத்துக்குத் திரும்புவது. பயணம் இலவசம், தோட்டத்தில் பொலிஸ் காவல் இருக்கும் என்றும் சொல்லப்பட்டது. மற்றது, மாவட்டத்தில் தனியார் காணி வைத்திருக்கும் ஒருவர் இடம் தருவதாக எழுத்தில் சம்மதித்தால் அங்கே குடியேறுவது. அரச காணி பிரசைகளுக்கு மட்டுமே உரியது. இவர்களுள் பெரும்பாலோர் எந்த நாட்டின் பிரசைகள் என்பதை இரண்டு அரசாங்கங்கள் பதின்மூன்று ஆண்டுகளாகப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தன. பிரிப்பு இன்னும் முடியவில்லை.

செல்லாயியின் குடும்பம் இரண்டாவது வழிக்கு உரியதாகக் குறிக்கப்பட்டிருந்தது. அவள், அவள் கணவன் அழகமுத்து, மகள் ராசமணி. பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகள் எரிந்துவிட்டன. எரித்தவர்கள் அடுத்த கிராமத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய வீடுகள் எரியவில்லை. லொறி ஒன்று நிற்கும் ஓசை கேட்டால் பதினான்கு வயது ராசமணி வகுப்பறை மேசையின் அடியில் புகுந்துகொள்வாள். கூப்பிட்டால் வரமாட்டாள். லொறி போன பிறகு தானாக வெளியே வந்து, ஒன்றும் நடக்காதவள் போலப் பாவாடையைத் தட்டிக்கொள்வாள். அவளை அந்த ரயிலில் ஏற்றக்கூடாது என்பது தவிரச் செல்லாயிக்கு அப்போது வேறு எண்ணம் இருக்கவில்லை.

ஈச்சிலம்பற்றுக் காசிநாதர் முகாமுக்கு அரிசி மூட்டை கொண்டுவந்த நாளில் அவருடைய உழவு இயந்திரம் வாசலில் நின்றதும் ராசமணி மேசைக்கு அடியில் போனதை அவர் கண்டார். மூட்டையை இறக்கி வைத்தார். பிறகு, "எங்கட மேட்டுக் காணி சும்மாதான் கிடக்குது. வந்து இரிங்க" என்றார். முகாம் உதவிச் சபையின் செயலாளரான பள்ளி ஆசிரியர் பாக்கியரத்தினம் உடனே கடதாசியை எடுத்தார். காசிநாதர் ஒப்பமிட்டார். அதோடு காரியம் முடிந்ததென்று செல்லாயியும் சேர்த்து மூவரும் நம்பினார்கள்.

வெள்ளிக்கிழமை முற்பகல் கச்சேரியில் அது முடியவில்லை என்று தெரிந்தது.

"காணி உறுதிப் பத்திரத்தில சீதேவி எண்டு இருக்கு" என்றார் அதிகாரி. "இதில காசிநாதர் எண்டு கையெழுத்து. இவர் ஆர்?"

"சீதேவியின்ரை புருஷன்" என்றார் பாக்கியரத்தினம்.

"புருஷன் எண்டிறது ஒரு உறுதி இல்லையே, மாஸ்டர்."

பாக்கியரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கணவன் சம்மதமில்லாமல் மனைவி தன் சீதனக் காணியை விற்க முடியாத சட்டத்தின் கீழ் வளர்ந்தவர். ஆகையால் கணவனின் கையெழுத்தே முக்கியமான கையெழுத்து என்ற முடிவுக்கு அவர் யோசிக்காமலே வந்திருந்தார். ஈச்சிலம்பற்று இருக்கும் வெருகற் கரையில் அது அப்படியல்ல. அங்கே வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மணம் முடித்தவன் அந்த வீட்டுக்கு வந்து இருப்பான். காசிநாதருக்கு இது தெரியாததல்ல. ஆனால் அந்த மேட்டைச் சுற்றி வேலி கட்டியவர் அவர், மாடு விரட்டியவர் அவர். நகரத்தில் அவரை யாரும் 'யாருடைய காணி' என்று கேட்கவுமில்லை.

"நாளைக்குப் பின்னேரம் ரயிலடிக்குப் போற பஸ் வரும்" என்றார் அதிகாரி. "அதுக்கு முதல் அந்த அம்மாவின்ரை சம்மதம் வேணும். இல்லாட்டி இவையும் ஏறவேண்டியதுதான். நான் செய்யக்கூடியது வேறை ஒண்டுமில்லை."

அழகமுத்து இதைக் கேட்டதும் எழுந்து மீண்டும் உட்கார்ந்தான். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுவதில் அவனுக்குத் தோட்டத்தில் பெயர் இருந்தது; கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவன். முகாமுக்கு வந்ததிலிருந்து வேலியில் இருந்த பூவரசம் கிளைகளை ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டிருந்தான்.

"நா அப்பவே சொன்னேன். அடுத்தவன் காணி அடுத்தவன் காணிதான்" என்றான்.

"அடுத்தவன் காணி இல்ல, அடுத்தவ காணி" என்றாள் செல்லாயி. "நா போய்க் கேக்குறேன். நீ புள்ளயப் பாத்துக்க."

"நீ என்னாத்தக் கேப்ப?"

"மூஞ்சியக் காட்டிக் கேப்பேன். இங்க இருந்துக்கிட்டு எப்பிடிக் காட்டுறது?"

பிழையில் தமக்குப் பங்கு உண்டு என்பதால் பாக்கியரத்தினமும் புறப்பட்டார்.

கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் லாஞ்சில் அன்று நெருக்கம். செல்லாயி அதுவரை கடலில் ஏறியதில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நீரைப் பார்க்காமல், எதிரே இருந்தவரின் வெற்றிலைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாஞ்சோட்டி முனாப் மூதூரைச் சேர்ந்தவன். ஆட்களைச் சிரிக்க வைத்தால் வாந்தி குறையும் என்ற கொள்கை உடையவன்.

"தங்கச்சி, பலகையை விடுங்க. அது ஓடாது, ஆணி அடிச்சிரிக்கு" என்றான். பிறகு பாக்கியரத்தினத்திடம், "எவடத்துக்கு, மாஸ்டர்?" என்று கேட்டான்.

"ஈச்சிலம்பற்று. காசிநாதற்ரை வீட்டை."

"அங்க போய் அப்பிடிக் கேக்காதீங்க. காசிநாதருக்கு அங்க ஏது வீடு? அவரு சம்பூர்க்காரர். சீதேவி வீடு எண்டு கேளுங்க, சின்னப்புள்ளையும் காட்டும்."

பாக்கியரத்தினம் தலையை ஆட்டினார். இதை முதல் வாரமே யாராவது சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. யாரிடமும் கேட்கவில்லை என்பதும் அடுத்து நினைவுக்கு வந்தது.

மூதூரிலிருந்து பஸ், பஸ் நின்ற இடத்திலிருந்து நெல் ஏற்றப்போன உழவு இயந்திரம் ஒன்றின் பெட்டி. வழி முழுவதும் கச்சான் காற்று புழுதியை முகத்தில் எறிந்தது. வெட்டிய வயல்கள் வெடித்துக் கிடந்தன. மலையைத் தவிர வேறு நிலத்தைப் பார்த்திராத செல்லாயிக்கு, ஏற்றமும் இறக்கமும் இல்லாத அந்தத் தரையில் கண்ணை எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.

சீதேவி முற்றத்தில் சுளகோடு இருந்தாள். வரப்போகும் மாரிக்கு விதைநெல் புடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும்; வந்தவர்களைக் கண்டதும் எழும்பாமலே அளந்துவிட்டாள். காசிநாதர் வேலிப் பக்கம் போகப் பார்த்தார்.

"நில்லுங்க" என்றாள் சீதேவி, அவரைத் திரும்பிப் பார்க்காமல். "இவங்கள் உங்கட ஆக்கள்தானே."

பாக்கியரத்தினம் வந்த காரியத்தைச் சுருக்கமாகவும் மரியாதையாகவும் சொன்னார். தம்முடைய பிழையையும் சேர்த்துச் சொன்னார். சீதேவி சுளகை நிறுத்தவில்லை.

"ரெண்டு கிழமையா எனக்கொரு கதை இல்லை" என்றாள் முடிவில். "ஊரில மற்றவங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், என்ட மேட்டில மலைநாட்டு ஆக்கள் வரப்போறாங்க எண்டு. இவரு இந்த வீட்டுக்கு வரக்குள்ள ஒரு பெட்டியோட வந்தவரு. இப்ப காணி குடுக்கிறாரு."

"ரெண்டு பெட்டி" என்றார் காசிநாதர்.

"மற்றது இரவல்."

குசினிக்குள் யாரோ சிரித்தார்கள். சீதேவியின் மகள் ஞானமணி தேத்தண்ணியோடு வெளியே வந்தபோது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

"அந்த மேடு இவளுக்குரியது" என்று சீதேவி மகளைக் காட்டினாள். "மாப்பிள்ளை பகுதி வந்து பார்க்க இரிக்கிறாங்க. பார்க்கக்குள்ள அங்க ஆரோ அடுப்பு மூட்டி இருந்தா என்ன கதைப்பாங்க?"

"அங்க இப்ப நரிதான் இரிக்கு" என்றாள் ஞானமணி. "நரியைப் பத்தி மாப்பிள்ளை பகுதி ஒண்டும் கதைக்கல்ல."

"நரியை எழுப்பலாம், மகள். மனிசரை எழுப்பேலாது." சீதேவி இப்போதுதான் சுளகைக் கீழே வைத்தாள். "அடுத்த ஊரில ஒரு மனிசி இப்பிடித்தான் பாவம் பார்த்து இடம் குடுத்தவ. பிறகு எழும்புங்க எண்டா, நாங்க பயிர் செய்யிறம், சட்டம் இரிக்கு எண்டுட்டாங்க. அவட மகள் இப்பவும் கலியாணம் முடிக்கல்ல."

செல்லாயி முற்றத்து ஓரத்தில் குந்தியிருந்தாள். தேத்தண்ணியை இரு கையாலும் வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தாள்.

"நீ என்னகா பேசாம இரிக்கா?" என்று சீதேவி நேராக அவளைக் கேட்டாள். "உனக்குத்தானே இடம் வேணும்?"

"ஆமாங்கம்மா. எம் பொண்ணு லொறிச் சத்தம் கேட்டா ஒளிஞ்சுக்கிறா. இங்க வந்த நேரத்திலேருந்து ஒரு லொறியும் நா கேக்கல."

சீதேவி மகளைப் பார்த்தாள்; பிறகு சுளகில் இருந்த நெல்லைப் பார்த்தாள். பாக்கியரத்தினம் அதற்குள் தம் மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை துடைத்துவிட்டார்.

"சரி. இரிங்க. நான் எப்ப எழும்பச் சொன்னாலும் மறு கதை இல்லாம எழும்புவம் எண்டு ஒரு எழுத்துத் தந்தா நான் மற்றதில கையெழுத்து வைக்கிறன்."

பாக்கியரத்தினம் உடனே பேனையை எடுத்தார். முழங்காலில் பையை வைத்து, பையின் மேல் கடதாசியை வைத்து, அங்கேயே எழுதினார். அவருடைய வசனத்தில் எழுவாயும் பயனிலையும் பொருந்தியிருந்தன. தப்பிச் செல்ல ஓட்டை எதுவும் இருக்கவில்லை. எழுதியதை இரு பெண்களுக்கும் உரக்க வாசித்தார். மைப்பெட்டியைத் திறந்து செல்லாயியின் பக்கம் நீட்டினார்.

செல்லாயி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுல நா வைக்கமாட்டேங்கய்யா."

"என்ன, அம்மா?"

"எப்ப எந்திரின்னாலும் எந்திரிக்கிற எடம் எங்களுக்கு ஏற்கனவே இருக்குங்க. அதுக்கு ரயிலு சும்மாவே போகுது. கடலத் தாண்டி வரத் தேவையில்ல." அவள் குரல் உயரவில்லை. "எங்க வீட்டுக்காரரு ஒருக்கா தோட்டத்துக் கிளாக்கரு காட்டுன எடத்துல கைநாட்டு வச்சாரு. இந்தியாவுக்குப் போறேன்னு எழுதியிருந்திச்சாம். பட்டியல்ல பேரு வந்த பொறகுதான் தெரியும். நீங்க வாசிச்சுக் காட்டிட்டீங்க, அதனால எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுக்கிட்டு வைக்க முடியாதுங்க."

"கஞ்சிக்கு வந்தவ கறி என்ன எண்டு கேட்ட கதையா இரிக்கு" என்றாள் சீதேவி.

"கறி இல்லாட்டியும் குடிச்சுக்கிறேம்மா. எப்பத் தட்டப் புடுங்குவீங்கன்னு மட்டும் சொல்லிருங்க."

காசிநாதர் வேலிப் பக்கம் திரும்பி, சிரிப்பை மறைக்க இருமினார். பாக்கியரத்தினம் செல்லாயியைத் தனியே அழைத்துப் பேச எழுந்தார். நாளை மாலை பஸ் வரும் என்பதையும், இவ்வளவு தூரம் வந்து இப்படிச் செய்வது புத்தியல்ல என்பதையும் அவர் சொல்ல நினைத்திருந்தார். சீதேவி கையைக் காட்டி அவரை உட்காரச் செய்தாள்.

"உனக்கு என்ன வேணும்?" என்றாள் செல்லாயியிடம்.

"ஒரு நாளு குறிச்சுச் சொல்லுங்க. அந்த நாளு வந்தா நானே எந்திரிச்சு, ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருவேன். அதுக்கு முந்தி நீங்க சொன்னாலும் போகமாட்டேன்."

"என்ட காணியில நான் சொன்னாலும் போகமாட்டாளாம்."

"ஆமாங்க. போட்ட வெதய அறுத்துட்டுத்தானே போக முடியும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது சண்டையா, பேரமா என்று பாக்கியரத்தினத்தால் தீர்மானிக்க முடியவில்லை. காசிநாதருக்கு அது விளங்கியது. சீதேவி விருப்பமில்லாத ஆளோடு இவ்வளவு கதைக்கமாட்டாள்.

"மகள்ற கலியாணம் வரைக்கும்" என்றாள் சீதேவி.

"கலியாணம் அடுத்த மாசம் வந்தா?"

"வராது" என்றாள் குசினியிலிருந்து ஞானமணி. "வந்தாலும் அந்த மாப்பிள்ளைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. அவரு மேட்டை வச்சு என்ன செய்யிறது?"

"நீ உள்ள இரி." சீதேவி விதைநெல்லில் ஒரு பிடியை அள்ளி, விரலிடுக்கால் ஒழுகவிட்டாள். "ரெண்டு மாரி. வாற மாரியும் அதுக்கு அடுத்த மாரியும். ரெண்டாவது வெட்டு முடிஞ்சு நெல்லுச் சூடு அடிச்ச பிறகு ஒரு நாள் கூட இல்லை."

"ரெண்டு மாரின்னா எம்புட்டுங்க?"

"மழை ரெண்டு தரம் வந்து போறது."

"சரிங்கம்மா."

பாக்கியரத்தினம் முதற் கடதாசியை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார். 'அழகமுத்து என்பவரும் அவர் குடும்பத்தினரும்' என்று அவர் வாசித்ததும் சீதேவி குறுக்கிட்டாள்.

"அது ஆரு?"

"இவவின்ரை புருஷன்."

"அந்த ஆளை நான் கண்டதில்லை. கதைச்சவ இவ. இவட பேரில எழுதுங்க, ஐயா. ஆம்பிளைகளுக்க நடந்த எழுத்தால இவ்வளவு தூரம் வந்திரிக்கிறீங்க, காணாதா?"

காசிநாதர் மறுபடியும் இருமினார். இந்த முறை செல்லாயியும் சிரித்தாள். சீதேவி புதிய எழுத்தில் ஒப்பமிட்டாள். செல்லாயி அன்றிரவு ஞானமணியின் பாயில் படுத்தாள்.

மறுநாள் காற்று விடியற்காலையிலேயே எழுந்துவிட்டது. மூதூர்த் துறையில் லாஞ்சு கட்டிக் கிடந்தது. முனாப் குடாவைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தான். செல்லாயி அவனைப் பார்ப்பதும் கடலைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"எப்பங்க போகும்?"

"அல்லாஹ் விட்டா இப்ப. இந்தக் காத்து விட்டா பின்னேரம்."

அவள் துறைமேடையின் நுனிவரை நடந்து திரும்பினாள், மறுபடியும் நடந்தாள். பாக்கியரத்தினம் பையைத் திறந்து கடதாசி இருக்கிறதா என்று பார்த்தார். அது இருந்தது. சற்று நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார். நண்பகல் தாண்டி முனாப் கயிற்றை அவிழ்த்தான். அலை உள்ளே அடித்தது. செல்லாயி இம்முறை பலகையைப் பிடிக்கவில்லை. கடதாசி இருந்த பை நனையாமல் சேலையால் மூடிப் பிடித்திருந்தாள்.

அவர்கள் பாடசாலையை அடைந்தபோது பஸ் வாசலில் நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கூரையில் மூட்டைகள் கட்டியாகிவிட்டன. அழகமுத்து ஒரு யன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ராசமணி பஸ்ஸில் இல்லை. வாசல் தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றாள். அவளை யாரும் பிடித்து இழுக்கவில்லை, விட்டுவிடவும் இல்லை.

அதிகாரி மேசையை முற்றத்தில் போட்டிருந்தார். செல்லாயி கொண்டுவந்த கடதாசியை முழுதும் வாசித்தார்.

"இதில தவணை போட்டிருக்கு. எங்கடை சுற்றறிக்கையில தவணை பற்றி ஒண்டும் இல்லை."

"தவணை இருக்கக்கூடாது எண்டும் இல்லை" என்றார் பாக்கியரத்தினம்.

அதிகாரி அதை ஏற்றுக்கொண்டார். "ஆனா இதுக்குப் பிரயோசனம் இல்லை, மாஸ்டர். குடும்பத் தலைவர் ரயிலுக்கு இண்டைக்குக் காலமையே சம்மதம் தந்திட்டார். கைநாட்டு இருக்கு. ஒரு குடும்பம் ஒரு பக்கம்தான் போகலாம்."

செல்லாயி பஸ்ஸின் யன்னலுக்குப் போனாள்.

"என்னாத்துக்கு வச்ச?"

"நீ வரலியே. நேத்துக் காணி இல்லன்னாங்க. இன்னிக்கு லாஞ்சியும் இல்லன்னாங்க." அழகமுத்துவின் கண்கள் சிவந்திருந்தன. "திங்கக்கிழமைக்குள்ள போகாட்டி தோட்டத்து ஆள் பதிவு செக்ரோல்ல பேர வெட்டிருவாங்களாம். இருவது வருச வேல. அதுக்குச் சேர வேண்டிய காச யாரு தருவா?"

"காணி கெடச்சிருக்கு."

"எம்புட்டு நாளைக்கு?"

"ரெண்டு மாரி."

"அப்பிடின்னா?"

"மழ ரெண்டு தரம் வந்து போறதாம்."

அவன் தன் கைகளைப் பார்த்தான். "அங்க தேயில இருக்கா?"

"இல்ல. நெல்லு."

"அங்க நா கவ்வாத்துக்காரன், புள்ள. இங்க நா யாரு?"

அவன் சொன்னது பொய்யல்ல. அவன் பயந்ததும் பொய்யல்ல. அவளைப் போலல்லாமல் வேறொன்றுக்குப் பயந்தான், அவ்வளவுதான். சாரதி ஹோர்ன் அடித்தான். தூணருகில் ராசமணியின் முதுகு குலுங்கியது.

செல்லாயி மேசைக்குத் திரும்பி வந்தாள்.

"ஒரு குடும்பம் ஒரு பக்கந்தான் போகணுமாங்கய்யா?"

"ஓம். அப்பிடித்தான் விதி."

"அப்பன்னா ரெண்டு குடும்பம்னு எழுதுங்க."

அதிகாரி பேனையை எடுக்கவில்லை. "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ. எழுதினா எழுதினதுதான். பிறகு அவர் வந்தாலும் உங்களோடை அவருக்குப் பதிவு இல்லை. அரிசிக் கூப்பன் இல்லை. இருக்க இடமில்லை. திரும்பவும் காணிக்காரரின்ரை சம்மதம் வேணும்."

"காணி யாரு பேருல எழுதியிருக்குங்க?"

அதிகாரி கடதாசியை மறுபடியும் பார்த்தார். "சீதேவி உங்கடை பேரில தந்திருக்கிறா. ரெண்டு மாரிக்கு."

"அப்ப ரெண்டு மாரிக்குள்ள வந்தா என்னைத்தானே கேக்கணும். நா சம்மதம் குடுப்பேன். எழுதுங்க."

பாக்கியரத்தினம் அதில் பிழை தேடிப் பார்த்தார். விதிப்படி அவள் சொன்னதில் பிழை இருக்கவில்லை. அதிகாரியும் அதே இடத்தில் பிழை தேடிப் பார்த்திருக்க வேண்டும், பிறகு எழுதினார். செல்லாயி காணிக் கடதாசியையும் பதிவுக் கடதாசியையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, பெருவிரலை வைத்தாள்.

அவள் திரும்பியபோது அழகமுத்து தோளில் மாட்டியிருந்த துணிமூட்டையை யன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருந்தான். அடுத்து அரிசிப் பானை வந்தது. அதன் பிறகு ராசமணியின் செருப்பு. அவன் முற்றத்தில் நடந்ததைக் கேட்டிருந்தான்.

"காச வாங்கிக்கிட்டு வாறேன்" என்றான்.

"மாரிக்கு முந்தி வா. ஆளில்லாம வெதைக்க முடியாது."

"எனக்கு நெல்லு வெதைக்கத் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

பஸ் நகர்ந்தது. செல்லாயி அதன் பின்னால் போகவில்லை. பானையையும் மூட்டையையும் தூணருகில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ராசமணியின் விரல்களைத் தூணிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"எங்கம்மா போறோம்?"

"நம்ம எடத்துக்கு. செருப்பப் போடு. லாஞ்சிக்காரன் நிக்கமாட்டான், காத்து இன்னம் அடங்கல."